"நாங்கள் பாக்கிறம்" என்று சொல்ல முதல்: இங்கிலாந்துக் கவுன்சிலிடம் முதியவருக்குப் பராமரிப்புக் கேட்கும் வழி

என் அம்மாவுக்கு 81 வயது. லண்டனில் எங்களோடுதான் இருக்கிறார். ஒரு மாசி மாதக் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, துணிவு போய்விட்டது. அதன்பிறகு தனியாகக் குளிக்கப் பயம், படி ஏறப் பயம், இரவில் எழும்பிப் போகப் பயம். எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குப் போன் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் மிக அன்பாகக் கேட்டார்: "இப்போது அம்மாவை யார் பார்க்கிறார்கள்?" நான் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன், நாங்கள் பார்க்கிறோம் என்று. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. இரண்டு தொண்டு நிறுவனங்களின் தொலைபேசி இலக்கங்களைத் தந்தார். எங்கள் பெயரில் கோப்பே திறக்கப்படவில்லை என்பது, ஐந்து மாதம் காத்திருந்துவிட்டு மறுபடி எடுத்தபோதுதான் தெரிந்தது.

அந்த ஐந்து மாதத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம். கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு மட்டும்; ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு உரியவை. பெரும்பாலானவை ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்க முதல் ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதிக் கோபம் குறையும். முதியவர், மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்பு இந்தப் பொறுப்புள்ள கவுன்சில்களின் ஆகப்பெரிய செலவுகளில் ஒன்று. உங்கள் வீட்டுக் கவுன்சில் வரிப் பட்டியலிலேயே 'அடல்ட் சோஷல் கெயார்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், காசு அந்த வேகத்தில் கூடவில்லை. ஆகவே கவுன்சில் படலை படலையாக வைத்திருக்கிறது: முதலில் தொலைபேசி, பிறகு சின்னச் சின்ன உபகரணம், பிறகு ஆறு வார உதவி, பிறகு மதிப்பீடு, பிறகு பணக் கணக்கு. தேவை பெருகாமல் தடுக்க வேண்டும், பிந்தச் செய்ய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் கெயார் அக்ட் சட்டமே சொல்வதால் இதில் பெரும்பகுதி நியாயமானதுதான். ஆனால் எந்தப் படலையில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாதவர்கள் முதல் படலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் திரும்புவது பெரும்பாலும் மானத்தால்.

1. கவுன்சிலுக்கு முன் அட்டென்டன்ஸ் அலவன்ஸ்

இது கவுன்சில் தருவதல்ல, உதவி தேவைப்படும் முதியவருக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு. சேமிப்பு எவ்வளவு இருந்தாலும், வருமானம் எவ்வளவு வந்தாலும், பிள்ளைகளோடு இருந்தாலும் கிடைக்கும். ஓய்வூதிய வயதைத் தாண்டியிருக்க வேண்டும். உடம்புக்கோ மனதுக்கோ உள்ள நோயால் ஆறு மாதமாக உதவியோ மேற்பார்வையோ தேவைப்பட்டிருக்க வேண்டும். பகலிலோ இரவிலோ மட்டும் உதவி தேவை என்றால் வாரம் 73.90 பவுண்ஸ், இரண்டு வேளையும் என்றால் 110.40.

படிவத்தை இணையத்தில் இருந்து இறக்கலாம். ஆனாலும் உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டு வாங்குவது நல்லது. அப்படி வாங்கி ஆறு வாரத்துக்குள் திருப்பி அனுப்பினால், நீங்கள் போன் எடுத்த நாளில் இருந்தே காசு கணக்கிடப்படும். இறக்கிய படிவத்துக்கு அது போய்ச் சேர்ந்த நாளில் இருந்துதான்.

பொறி: "உதவி கிடைக்கிறதா?" என்பது கேள்வி அல்ல, "உதவி தேவையா?" என்பதே கேள்வி. மருமகள் குளிப்பாட்டிவிடுகிறார் என்பதற்காக உதவி தேவையில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அம்மாவோ அப்பாவோ தனியாக இருப்பவர் என்றால் இன்னொரு கண்ணியும் உண்டு. அவருக்குப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கு அரசாங்கம் தரும் மேலதிகக் காசு) வந்தால், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கிடைத்ததும் வாரம் 82.90 பவுண்ஸ் மேலதிகமாகச் சேரக்கூடும். ஆனால் பிள்ளைகளில் ஒருவர் அவருக்காகக் கெயாரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான கொடுப்பனவு) வாரம் 83.30 பவுண்ஸ் எடுக்கத் தொடங்கினால் அந்த மேலதிகம் நின்றுவிடும். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்த கதைதான். யார் எதை எடுப்பது என்று குடும்பமாக இருந்து கணக்குப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கெயாரர்ஸ் அலவன்ஸ் எடுப்பவர் வாரம் 35 மணித்தியாலம் பராமரிக்க வேண்டும். வேலைக்குப் போனால் வரி முதலிய கழிவுகளுக்குப் பிறகு கையில் வருவது 196 பவுண்சைத் தாண்டக்கூடாது. ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வார அலவன்ஸ் முழுவதும் போய்விடும், கவனிக்காமல் விட்டால் கடனாக ஏறும்.

விசா விடயம்: "பொது நிதிக்கு உரிமையில்லை" என்ற நிபந்தனையோடு பெற்றோரை அழைத்தவர்கள், எந்தக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பிக்க முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கவுன்சிலின் பராமரிப்பு அந்தப் பொது நிதிப் பட்டியலில் இல்லை. கொடுப்பனவையும் கவுன்சில் உதவியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, மதிப்பீடு கேட்கவே பயந்து இருப்பவர்கள் நிறைய.

2. இரண்டு வாரம் ஒரு கொப்பி

இந்த முழு வேலையிலும் எனக்கு ஆகக் கூடுதலாக உதவியது ஒரு பவுண் கொடுத்து வாங்கிய கொப்பி. "அம்மாவுக்கு ஏலாது" என்று சொன்னால் கேட்பவரிடம் எழுத ஒன்றும் இல்லை. என் கொப்பியில் ஒரு நாள் இப்படி இருந்தது:

"செவ்வாய். இரவு 2.40: கழிவறைக்கு எழும்பினா, கட்டில் ஓரத்தில் இருந்து எழும்ப மூன்று முறை முயற்சி, நான் தூக்கிவிட்டேன். 4.15: மறுபடியும். உடுப்பு நனைந்தது, மாற்ற 20 நிமிடம். காலை 8: குளிசைப் பெட்டியில் திங்கள் இரவுக் குளிசை அப்படியே. 11.30: அடுப்பில் பால் பொங்கி வழிந்து கிடந்தது, அம்மா முன்னறையில் ரீவி பார்த்துக்கொண்டு. பின்னேரம்: சாறி உடுக்க 40 நிமிடம், முடியாமல் நைற்றியோடு இருந்தா."

நேரம், என்ன நடந்தது, யார் உதவினார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது. இந்த நான்கும் போதும். நல்ல நாளையும் கெட்ட நாளையும் உள்ளபடி எழுதுங்கள். கூட்டி எழுதினால் ஒரு கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

3. பைல் ஒன்று சேர்ப்பது

கேட்கக் கேட்கத் தேடினால் ஒவ்வொரு கடதாசிக்கும் இரண்டு வாரம் போகும். முன்பே சேர்த்து வையுங்கள்: தேசியக் காப்புறுதி இலக்கம், என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) இலக்கம், குடியுரிமை அல்லது விசா ஆதாரம், ஓய்வூதியக் கடிதம், அட்டென்டன்ஸ் அலவன்ஸ் கடிதம், எல்லா வங்கிக் கணக்குகளின் கூற்றும் (ஊர் வங்கிக் கணக்கும் சேர்த்து), வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரிப் பட்டியல், ஆஸ்பத்திரியில் இருந்து விட்டபோது தந்த கடிதம், வழமையாக எடுக்கும் மருந்துகளின் பட்டியல்.

ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) "கவுன்சிலுக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேட்டால் கட்டணம் கேட்கலாம். "அம்மாவின் மருத்துவச் சுருக்கத்தை அச்சிட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். தன் மருத்துவப் பதிவைப் பார்ப்பது அவருடைய உரிமை, இலவசம். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பெயர்ச் சிக்கலை இப்போதே தீருங்கள். எங்கள் அம்மாவின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கியில் இன்னொன்று, ஜிபியிடம் அப்பாவின் பெயர் முதற்பெயராக. மூன்று அலுவலகங்கள் மூன்று கிழவிகள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தன. கடவுச்சீட்டில் உள்ளதை வைத்து மற்றவற்றைத் திருத்தினோம்.

அப்படியே, நினைவு நன்றாக இருக்கும்போதே, பிறகு அவருக்காக முடிவெடுக்கப் பிள்ளைக்கோ வேறொருவருக்கோ அதிகாரம் தரும் 'லாஸ்டிங் பவர் ஒஃப் அற்றோணி' பத்திரத்தை எழுதிப் பதிந்துவிடுங்கள். காசுக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று. பதிவுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 92 பவுண்ஸ், குறைந்த வருமானம் என்றால் சலுகை உண்டு. சட்டத்தரணி தேவையில்லை, படிவத்தை நீங்களே நிரப்பலாம். மறதி முற்றிய பிறகு இதை எழுத முடியாது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். அது பல மாதம், பல நூறு பவுண்ஸ்.

4. போன் எடுங்கள், அதையே எழுத்திலும் அனுப்புங்கள்

லண்டனில் உங்கள் பரோ கவுன்சில்தான் இதற்குப் பொறுப்பு. வெளியே சில இடங்களில் குப்பை எடுக்கும் மாவட்டக் கவுன்சில் வேறு, பராமரிப்புக்குப் பொறுப்பான கவுன்டி கவுன்சில் வேறு. பிழையான இடத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

"உதவி கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். "கெயார் அக்ட் 2014இன் 9ஆம் பிரிவின்கீழ் என் அம்மாவுக்குத் தேவை மதிப்பீடு வேண்டும், 10ஆம் பிரிவின்கீழ் எனக்குக் கெயாரர் மதிப்பீடு வேண்டும்" என்று சொல்லுங்கள். அன்றே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தேவை இருக்கிறது என்று தோன்றினாலே மதிப்பீடு செய்ய வேண்டும், அது இலவசம். சேமிப்பு இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்ற காரணங்களால் மதிப்பீட்டையே மறுக்க முடியாது. காசுக் கதை அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இலக்கம் இல்லை, நியாயமான காலம் என்று மட்டும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு அழைப்பிலும் பேசியவரின் பெயர், திகதி, பதிவு இலக்கம் மூன்றையும் கொப்பியில் குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல். விழுந்தது, அடுப்பை விட்டது, பராமரிப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போவது போன்ற அவசரம் இருந்தால், மதிப்பீடு முடியும் முன்பே அவசர உதவி தரக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. 'மதிப்பீட்டுக்கு முந்திய அவசர உதவி' என்றே சொல்லிக் கேளுங்கள்.

எங்களுக்கு இரண்டாவது முறை முறையாகக் கேட்டதில் இருந்து வீட்டுக்கு ஆள் வர ஏழு வாரம் எடுத்தது.

5. சின்ன உதவியைத் தட்டிக்கழிக்காதீர்கள்

மதிப்பீட்டுக்கு முன் பெரும்பாலும் கைபிடி, குளியல் கதிரை, கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் இவற்றைத்தான் முதலில் சொல்வார்கள். "இதைத் தந்து ஏமாத்தப் பாக்கிறாங்கள்" என்று அண்ணர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பிழை. உதவி உபகரணங்களும் 1,000 பவுண்சுக்குள் வரும் சிறிய வீட்டு மாற்றங்களும் இலவசமாகத் தரப்பட வேண்டியவை. கழிவறைப் பக்கத்தில் போட்ட ஒரு கைபிடியால் அம்மாவின் இரவுப் பயம் பாதி குறைந்தது. படியேற்றி, கீழ்மாடிக் குளியலறை போன்ற பெரிய வேலைகளுக்கு 'டிசேபிள்ட் ஃபசிலிற்றீஸ் கிராண்ட்' என்று 30,000 பவுண்ஸ் வரை மானியம் உண்டு. அதற்கு வருமானம் பார்ப்பார்கள். அனுமதி வர முன் வேலையைத் தொடங்கினால் காசு கிடைக்காமல் போகலாம். அவசர பட்டனுக்கு மாதக் கட்டணம் இருக்கலாம், கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்.

விழுந்தோ ஆஸ்பத்திரியில் இருந்தோ வந்தவருக்கு 'ரீஏபிள்மென்ட்' தருவார்கள். ஆள் வந்து, தானாகச் செய்யப் பழக்கும் உதவி. ஆறு வாரம் வரை இலவசம். இதன் முடிவில்தான் கவனம் தேவை. ஆறாவது வாரம் "நன்றாகத் தேறிவிட்டார்" என்று எழுதிக் கோப்பை மூடக்கூடும். அந்த ஆறு வாரமும் கொப்பி எழுதுங்கள், முடிய ஒரு வாரத்துக்கு முன்பே "இதன்பிறகு என்ன?" என்று எழுத்தில் கேளுங்கள். உதவி தொடர்ந்தால் ஏழாம் வாரத்தில் இருந்து கட்டணம் ஓடலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் "நாளைக்கு வீட்டுக்கு விடலாம், நீங்கள் இருக்கிறீர்கள்தானே?" என்று கேட்கும்போது, வீட்டில் என்ன ஏற்பாடு என்று அவர்கள் எழுதித் தரும்வரை நீங்கள் தலையாட்டாதீர்கள்.

6. மதிப்பீட்டு நாள்

எங்கள் முதல் மதிப்பீட்டை அம்மாவே கெடுத்தார். சோஷல் வேர்க்கர் வருகிறார் என்று காலையிலேயே நல்ல சாறி உடுத்திவிடச் சொன்னார். வடை சுடச் சொன்னார். வந்தவர் கேட்டார், தேத்தண்ணி நீங்களே போடுவீர்களா என்று. "ஓம், நான்தான் போடுறனான்." குளிப்பது? "எனக்கென்ன, எல்லாம் செய்வன்." பிறகு செய்து காட்டவே எழும்பிவிட்டார். ஒரு கையால் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேத்திலில் அரைவாசித் தண்ணீர். பட்டனைத் தட்டினார். எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், "பிள்ளை, வடை எடுங்கோ" என்று தட்டை நீட்டினார். தேத்தண்ணி வரவேயில்லை. மதிப்பீட்டில் வந்த வரி: சூடான பானம் தானாகத் தயாரிக்கிறார்.

மொழிபெயர்ப்புக்கு என் மகளை இருத்தியிருந்தேன், அது அடுத்த பிழை. பேரப்பிள்ளை முன்னால் கழிவறைக் கதையை அம்மா எப்படிச் சொல்வார்? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் கவுன்சில் இலவசமாக ஒழுங்கு செய்யும். பெண் வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள்.

சட்டம் பத்து விடயங்களைப் பார்க்கிறது: சாப்பாடு, உடம்புச் சுத்தம், கழிவறை, பொருத்தமாக உடுத்தல், வீட்டுக்குள் ஆபத்தில்லாமல் நடமாடுதல், வீட்டை இருக்கத்தக்கதாக வைத்தல், உறவும் நட்பும், வேலை அல்லது படிப்பு அல்லது தொண்டு, வெளியே போய்வருதல், பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பு. நோயால் அல்லது உடல், மனக் குறைபாட்டால் இவற்றில் குறைந்தது இரண்டு முடியாமல் இருக்க வேண்டும். அதனால் அவருடைய நல்வாழ்வு குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கோயிலுக்குப் போவதும் கூடப்பிறந்தவர்களைப் பார்ப்பதும் இந்தப் பட்டியலுக்குள் வருபவைதான். "அதெல்லாம் இனி எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

'முடியாது' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் அகலமானது. உதவி இல்லாமல் முடியாது; அல்லது முடியும், ஆனால் கடும் வலி, பதற்றம் வருகிறது; அல்லது முடியும், ஆனால் ஆபத்து; அல்லது முடியும், ஆனால் மிக நீண்ட நேரம் பிடிக்கிறது. நான்கும் 'முடியாது' என்றே கணக்கு. சாறி உடுக்க 40 நிமிடம் என்று கொப்பியில் எழுதியது இங்கேதான் வேலை செய்தது.

இப்போது அந்த "நாங்கள் பாக்கிறம்" விவகாரம். தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும்போது, குடும்பம் செய்யும் உதவியைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அந்த உதவி இல்லாவிட்டால் எப்படி இருப்பார் என்றுதான் பார்க்க வேண்டும். தகுதி உறுதியான பிறகே, எதைக் குடும்பம் செய்கிறது, எதைக் கவுன்சில் செய்ய வேண்டும் என்று பிரிப்பார்கள். அந்தப் பிரிப்பிலும், நீங்கள் விரும்பி, உங்களால் இயன்று செய்வது மட்டும்தான் உங்கள் பக்கம். நான் சொன்னது இதுதான்: "இரவும் வார இறுதியும் நாங்கள். வேலை நாளில் காலைக் குளியலும் மத்தியான மருந்தும் எங்களால் ஏலாது." உள்ளதைப் பிரித்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது, அம்மா பக்கத்தில் இருந்தார். முடிந்தால் அந்தப் பகுதியைத் தனியாக, போனில் பேசுங்கள்.

மதிப்பீட்டின் பிரதியை எழுத்தில் தர வேண்டும். பிழை இருந்தால் வரி வரியாகத் திருத்தி, கொப்பிப் பக்கங்களின் படத்தோடு திருப்பி அனுப்புங்கள். தேத்தண்ணி வரியை அப்படித்தான் மாற்றினோம்.

உங்கள் கெயாரர் மதிப்பீடு தனி. அதில் உங்கள் நித்திரை, முதுகுவலி, வேலையில் குறைத்த மணித்தியாலம் எல்லாம் சொல்லுங்கள். இரண்டு வார ஓய்வுக்கு அம்மாவை வைத்துப் பார்க்கும் ஏற்பாடு எங்களுக்கு இதன் வழியாகத்தான் வந்தது.

7. காசுக் கணக்கு

தகுதி உண்டு என்றான பிறகு பணப் படிவம் வரும். நிரப்பாமல் விட்டால் முழுச் செலவையும் நீங்களே கட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

சேமிப்பு 23,250 பவுண்சுக்கு மேல் என்றால் முழுக் கட்டணம் உங்களுடையது. ஆனாலும் வீட்டுப் பராமரிப்பை ஒழுங்கு செய்து தரும்படி கவுன்சிலைக் கேட்கலாம், அதற்கு ஒரு சேவைக் கட்டணம் இருக்கலாம். 14,250க்குக் கீழ் என்றால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். இடையில் என்றால் ஒவ்வொரு 250க்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டு எல்லையும் 2010இல் இருந்து அசையவில்லை. விலைவாசி ஏற ஏற, எல்லையைத் தாண்டிக் கட்டணம் கட்டுபவர்களும் கூடுகிறார்கள். கவுன்சிலின் செலவைக் குறைக்கும் சத்தமில்லாத வழி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் இருந்தபடி பராமரிப்பு என்றால், குடியிருக்கும் வீட்டின் பெறுமதியைப் பார்க்கமாட்டார்கள்.

ஒரு உதாரணம். சேமிப்பு 17,000: எல்லைக்கு மேல் 2,750, அதாவது வாரம் 11 பவுண்ஸ். ஓய்வூதியம் 230. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் 73.90. கூட்டினால் 314.90. இதில் ஓய்வூதிய வயதுத் தனியாளின் கையில் விட வேண்டிய குறைந்தபட்சம் 232.60, மிச்சம் 82.30. அவர் வாடகையோ கவுன்சில் வரியோ கட்டுபவர் என்றால் அதுவும் கழியும். இனி, நோயால் வரும் மேலதிகச் செலவையும் கழிக்கக் கேட்கலாம்: கூடுதல் சலவை, கூடுதல் சூடாக்கி, சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் பாட், விசேட உணவு, ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி, அவசர பட்டன் கட்டணம். இது 25 என்று வைத்தால் வாரம் 57.30 பவுண்சுக்கு மேல் கேட்க முடியாது. பராமரிப்பின் உண்மை விலை அதைவிடக் குறைவென்றால் அந்த விலைதான்.

இந்த மேலதிகச் செலவுக் கழிவைப் பற்றி யாரும் தானாக வாய் திறக்கமாட்டார்கள். சில கவுன்சில்கள் ரசீதில்லாமல் ஒரு சிறு தொகை கழிக்கும், அதற்கு மேல் என்றால் ஆதாரம் கேட்கும். ஒரு கடித உறையில் ரசீதுகளைப் போட்டு வாருங்கள்.

பொறிகள், எங்கள் வீடுகளுக்கே உரியவை:

ஊர்க் காணி. அம்மாவின் பெயரில் யாழ்ப்பாணத்தில் காணி இருந்தால் அதுவும் சொத்து. வெளிநாட்டில் இருப்பதால் மறைந்துவிடாது. சீதனமாக எப்போதோ மகளுக்கு எழுதிவிட்டார் என்றால் உறுதியின் பிரதியை மொழிபெயர்ப்போடு கொடுங்கள். சகோதரர்களோடு பங்குக் காணி, வழக்கு, யாரோ குடியிருக்கிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். வாங்குபவர் உண்மையில் என்ன கொடுப்பார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"ஏழு வருடம்". கவுன்சில் பார்க்க முன் வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றி ஏழு வருடம் கடந்தால் சரி என்று கலியாண வீட்டில் சொல்வார்கள். ஏழு வருடம் வாரிசு வரிக்கு உரியது. பராமரிப்புக் கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கோடு கொடுத்ததாகத் தெரிந்தால், எத்தனை வருடமானாலும் அந்தச் சொத்து அவரிடமே இருப்பதாகக் கணக்கிடலாம்.

ஊருக்கு அனுப்பிய காசு. பல வருடமாகத் தங்கைக்கு மாதாமாதம் அனுப்புவது ஒன்று. மதிப்பீட்டுக்கு முதல் மாதம் 8,000 பவுண்ஸ் அனுப்புவது வேறு. பழைய ரசீதுகள் உங்களைக் காப்பாற்றும்.

கூட்டுக் கணக்கு. அம்மாவும் நீங்களும் சேர்ந்த கணக்கு என்றால் பொதுவாகச் சமபங்காகப் பிரிப்பார்கள். உங்கள் சம்பளம் அதற்குள் போனால் சிக்கல். அம்மாவுக்குத் தனிக் கணக்குத் திறவுங்கள்.

நகை. கழுத்திலும் கையிலும் உள்ள தாலி, காப்பு போன்ற சொந்தப் பொருட்களைச் சொத்தாக எடுப்பதில்லை, கட்டணத்தைத் தவிர்க்கவென்று வாங்கியதாக இல்லாவிட்டால்.

8. ஏஜென்சியா, டிரெக்ட் பேமென்டா

கவுன்சில் ஒரு தொகையை ஒதுக்கும். உள்ளே ஒரு பெனல், அதாவது அதிகாரிகள் குழு, இருந்து அதைப் பார்க்கும். தேவையைப் பூர்த்தி செய்ய அந்தத் தொகை போதுமானதாக இருக்க வேண்டும். "எங்கள் எல்லை இவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னால், எந்தத் தேவை எந்த நேரத்தில் யாரால் நிறைவேறும் என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.

கவுன்சிலின் ஏஜென்சியை எடுத்தால் உங்களுக்கு வேலை குறைவு, ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவைக் குளிப்பாட்ட ஒரே வாரத்தில் ஐந்து பேர் வந்தார்கள். அந்தக் காசை நீங்களே வாங்கி ஆள் வைப்பது டிரெக்ட் பேமென்ட். தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆனால் நேரடியாக ஆள் வைத்தால் நீங்கள் முதலாளி: மணித்தியாலத்துக்குக் குறைந்தது 12.21 பவுண்ஸ், சம்பளத்தோடு விடுமுறை, வரிப் பதிவு, முதலாளிப் பொறுப்புக் காப்புறுதி. இந்தச் செலவுகளும் ஒதுக்கீட்டுக்குள் வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். தனிக் கணக்கு, ஒவ்வொரு சதத்துக்கும் ரசீது. ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு இதில் சம்பளம் கொடுக்க, கவுன்சில் அவசியம் என்று ஒத்துக்கொண்டாலன்றி முடியாது. வேறு வீட்டில் இருக்கும் மச்சாளுக்குக் கொடுக்கலாம்.

9. கெயார் ஹோம் (பராமரிப்பு இல்லம்) என்று வந்தால்

சுருக்கமாக: அப்போது வீடு கணக்கில் வரும். கணவரோ மனைவியோ, 60 வயதைத் தாண்டிய உறவினரோ அதைத் தம் வீடாகக் கொண்டு அங்கே தொடர்ந்து இருந்தால் வராது. நிரந்தரமாகச் சேர்ந்த முதல் 12 வாரம் வீட்டை விலக்கி வைப்பார்கள். அதன்பிறகும் உடனே விற்க வேண்டியதில்லை. கட்டணத்தை வீட்டின்மேல் கடனாக ஏற்றிப் பிறகு தீர்க்கும் ஒப்பந்தம் உண்டு, வட்டியோடு. கவுன்சில் காசு கட்டும் ஒருவருக்காகக் குடும்பத்திடம் மேலதிகம் கேட்டால், மேலதிகம் இல்லாமல் பொருத்தமான ஒரு இடத்தையாவது காட்டும்படி முதலில் கேளுங்கள்.

நோய் மிகக் கடுமை என்றால் இது கவுன்சிலுக்கு முன் என்.எச்.எஸ். தலையில் விழ வேண்டிய செலவாக இருக்கலாம். 'கொன்டினியுவிங் ஹெல்த்கெயார்' என்ற அந்த என்.எச்.எஸ். உதவிக்கான செக்லிஸ்ட் செய்யச் சொல்லி நேர்சிடமோ சோஷல் வேர்க்கரிடமோ கேளுங்கள். கிடைத்தால் சொத்துக் கேள்வியே இல்லை, முழுவதும் இலவசம்.

10. மறுத்தால், இழுத்தால்

கோபமாகப் போனில் கத்துவதால் பதிவு உண்டாகாது. கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள்: திகதி, என்ன கேட்டோம், என்ன நடந்தது, என்ன வேண்டும். நான்கு பந்தி போதும். பதில் திருப்தி இல்லாவிட்டால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மனிடம் (கவுன்சில்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியிடம்) போகலாம்; இலவசம். விடயம் உங்களுக்குத் தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. முறைப்பாட்டுக் கடிதம் போய் ஒன்பதாம் நாள் போன் வந்தது.

11. வருடாந்த மீளாய்வு

கிடைத்தது அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை அளவில் மீளாய்வு வரும், மணித்தியாலம் கூடலாம், வெட்டவும் படலாம். ஏப்ரலில் ஓய்வூதியம் கூடியதும் கட்டணமும் கூடி ஒரு கடிதம் வரும். அதில் உங்கள் மேலதிகச் செலவுக் கழிவு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுக்கு ஒருமுறை அது காணாமல் போயிருந்தது. மீளாய்வுத் திகதி வந்ததும் கொப்பியைத் திறந்து மறுபடி இரண்டு வாரம் எழுதுங்கள். அன்று வடை சுட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.